எக்கோ அடிக்கும் பொதுக்கூடம்: இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் அளந்து சரிசெய்த கதை

எங்கள் அடுக்ககத்தின் பொதுக்கூடத்தில் யார் மைக் பிடித்துப் பேசினாலும் ஒரு வார்த்தை விளங்காது. பிறந்தநாள் விழா என்றால் பரவாயில்லை, பாட்டுச் சத்தம் இருந்தால் போதும். ஆண்டுப் பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கும்போதுதான் சண்டை வரும். "சார், ஸ்பீக்கர் பழசாயிடுச்சு, மாத்திட்டா சரியாயிடும்னு மைக்செட்காரர் சொல்றார்" என்று செயலாளர் ஒரு கொட்டேஷனைக் கொண்டுவந்து காட்டினார். ஸ்பீக்கருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கூடத்தை ஒருமுறை அளந்துவிடலாம் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை இது. கல்லூரியில் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று படித்துப் பரீட்சை எழுதிவிட்டு மறந்துபோனவர்களுக்கும் இது பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கூடம் 15 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் உயரம். கன அளவு 486 கன மீட்டர். தரையில் வழுவழு டைல்ஸ், சுவரில் பட்டி பார்த்துப் பெயின்ட், மேலே வெறும் கான்கிரீட். நாற்காலிகள் எல்லாம் பிளாஸ்டிக். ஒலியை உறிஞ்சுவதற்கு என்று அங்கே எதுவுமே கிடையாது. நடுவில் நின்று ஒரு தட்டுத் தட்டினால் "டர்ர்ர்ர்" என்று ஒரு இழுவை வரும்.

அந்தக் கைதட்டல்தான் ஏறக்குறைய ஒரு இம்பல்ஸ். மிகக் குறுகிய நேரத்துக்கு ஒரே ஒரு உதை, அதற்குக் கூடம் தரும் முழுப் பதில்தான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். இது தெரிந்தால் வேறு எந்த ஒலிக்கும் கூடம் என்ன பதில் தரும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். காரணம் இதுதான்: கணினிக்குள் எந்த ஒலியும் அடுத்தடுத்து வரும் எண்களின் வரிசை. ஒவ்வொரு எண்ணும் தன் அளவுக்கு ஒரு சின்ன உதை. ஒவ்வொரு உதைக்கும் கூடத்தின் பதில் ஒரே வடிவத்தில்தான் வரும். உதை பெரிதானால் பதிலும் அதே விகிதத்தில் பெரிதாகும், உதை தாமதமானால் பதிலும் அவ்வளவே தாமதமாகும். எல்லாப் பதில்களையும் அதனதன் இடத்தில் வைத்துக் கூட்டிவிட்டால் விடை வந்துவிடும். இந்தக் கூட்டலுக்குத்தான் கன்வலூஷன் என்று பெயர்.

பேப்பரில் போட்டுப் பார்ப்போம். ஒரு கற்பனைக் கூடத்தின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் 1, 0.5, 0.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் ஒலி 2, 3. முதல் உதையின் பதில் 2, 1, 0.5. இரண்டாவது உதை ஒரு படி தள்ளி வருவதால் அதன் பதில் 0, 3, 1.5, 0.75. இரண்டையும் கூட்டினால் 2, 4, 2, 0.75. அவ்வளவுதான். இரண்டு எண்ணுக்கு நான்கு எண் திரும்பி வந்திருக்கிறது பாருங்கள், பேசி முடித்த பிறகும் கூடம் பேசிக்கொண்டிருப்பதன் கணக்கு இதுதான்.

மேலே "அதே விகிதத்தில்", "அவ்வளவே தாமதமாக" என்று இரண்டு நிபந்தனைகளைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். முதலாவது அமைப்பு நேரியலாக இருக்க வேண்டும் என்பது, இரண்டாவது அது காலத்தால் மாறாமல் இருக்க வேண்டும் என்பது. பாடப்புத்தகத்தில் இந்த இரண்டும் முதல் வரியிலேயே வந்து, அதோடு மறைந்துவிடும். களத்தில் இறங்கினால் நேரம் முழுவதும் இந்த இரண்டையும் காப்பாற்றுவதிலேயே போகிறது. அளப்பது பத்து வினாடி வேலை.

முதலில் பலூன். ஊசியால் குத்தினால் நல்ல கூர்மையான வெடி, செலவும் இல்லை. தலைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிப் பிடித்து வெடித்துவிட்டு, பதிவு செய்ததை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்தால் முழக்கம், அதாவது ஒலி நின்ற பிறகும் கூடத்தில் நீடிக்கும் இழுவை, எப்படித் தேய்கிறது என்பது பளிச்சென்று தெரியும். ஆனால் ஒரு பலூன் போல இன்னொரு பலூன் வெடிப்பதில்லை. ஊதிய அளவு, குத்திய இடம், ரப்பரின் தடிமன் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு முறையும் வேறு உதையைக் கொடுக்கும். தாழ்ந்த அதிர்வெண்களில் சக்தியும் குறைவு. கூடம் மோசமா இல்லையா என்று பார்க்கப் பலூன் போதும். எவ்வளவு மோசம், எந்த அதிர்வெண்ணில் மோசம் என்று சொல்ல அது போதாது.

போனில் பதிவு செய்தால் போதுமே என்று பலரும் கேட்பார்கள். கருவியை நம்பலாமா என்று ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரே ஒலித்துண்டை ஒருமுறை சத்தமாகவும், அடுத்து 20 டெசிபெல் (ஒலி அளவைச் சொல்லும் அலகு) குறைத்தும் ஒலிக்கவிட்டேன். போனில் இருந்த குரல் பதிவுச் செயலியில் இரண்டுக்கும் இடையே 9 டெசிபெல் வித்தியாசம்கூட இல்லை. சத்தம் குறைந்தால் அது தானாகவே அளவை ஏற்றிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, முழக்கத்தின் வாலை இரைச்சல் என்று நினைத்து வெட்டியும் விடுகிறது. கூடம் நேரியலாகத்தான் இருக்கிறது, போன்தான் இல்லை. எனவே மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் ஒரு சாதாரண யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸும், நண்பரிடம் கடன் வாங்கிய அளவீட்டு மைக்கும், என்னிடம் இருந்த ஆக்டிவ் ஸ்பீக்கரும்.

பலூனுக்குப் பதில் சைன் ஸ்வீப். 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை 10 வினாடியில் வழுக்கிக்கொண்டே ஏறும் ஒற்றைச் சுரம். ஒவ்வொரு ஸ்தாயிக்கும் (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) ஒரே நேரம் கிடைக்கும்படி மடக்கை வேகத்தில் ஏற வேண்டும். ஒரு நொடித் துளியில் கொட்ட வேண்டிய சக்தியை 10 வினாடிக்குப் பரப்பிவிடுவதால் ஸ்பீக்கரும் திணறாது, பின்னணி இரைச்சலும் அமுங்கிப்போகும். பதிவானதை இம்பல்ஸாகத் திரும்பச் சுருக்க, அதே ஸ்வீப்பைத் தலைகீழாகத் திருப்பி, தாழ்ந்த அதிர்வெண்ணை நோக்கிப் போகப்போக ஸ்தாயிக்கு 6 டெசிபெல் வீதம் அளவைக் குறைத்து, அதோடு கன்வால்வ் செய்ய வேண்டும். பைத்தானில் சில வரிகள்தான். எழுதப் பிடிக்காதவர்களுக்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, எல்லாவற்றையும் அதுவே செய்துவிடும். நான் இரண்டிலும் செய்து ஒப்பிட்டுக்கொண்டேன்.

கூடவே ஒரு வயர் வேலை. இன்டர்ஃபேஸின் ஒரு வெளியீடு ஸ்பீக்கருக்குப் போகிறது, இன்னொரு வெளியீட்டை நேராக அதன் இரண்டாவது உள்ளீட்டிலேயே சொருகிவிட வேண்டும். கணினி ஒலியை வெளியே அனுப்பி உள்ளே வாங்குவதற்குள் எடுத்துக்கொள்ளும் தாமதம் இந்த இரண்டாவது தடத்தில் பதிவாகும். அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது காற்றில் ஒலி பயணித்த நேரம் மட்டும். ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்கு டேப் பிடித்து 5 மீட்டர் வைத்திருந்தேன். முதல் முகடு 14.3 மில்லிவினாடியில் வந்தது, அதாவது வினாடிக்கு 48,000 எண்கள் எடுக்கும் பதிவில் 686-ஆவது எண். வகுத்தால் வேகம் வினாடிக்கு 349.7 மீட்டர். 30 டிகிரியில் ஒலியின் வேகம் 349.5 என்று கணக்கு சொல்கிறது. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியும் 30-ஐத்தான் காட்டியது. இது பொருந்திவந்த பிறகுதான் மற்ற எண்களை நம்ப மனம் வந்தது.

இரவு பதினொரு மணிக்கு மேல்தான் அளந்தேன். லிஃப்ட் மோட்டார் ஓய்ந்திருக்கும், தெருவும் அடங்கியிருக்கும். காவலாளி அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்ததால் ஊளைச் சத்தம் கேட்டு அவர் ஓடிவரவில்லை.

இந்த முறையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டில் இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஞ்செலோ ஃபரீனா எடுத்துக்காட்டியது. ஸ்பீக்கர் நேரியலாக இல்லாவிட்டால் 100 ஹெர்ட்ஸ் கொடுக்கும்போது 200, 300 என்று மடங்குகளையும் சேர்த்துக் கக்கும். ஸ்வீப் மடக்கை வேகத்தில் ஏறுவதால், இரண்டாம் மடங்கு எப்போதும் ஒரே அளவு நேரத்துக்கு "முந்திக்கொண்டு" வந்ததாகக் கணக்கில் தெரியும். என் ஸ்வீப்புக்கு அந்த முந்தல் 1.003 வினாடி. 10-ஐ இயல்மடக்கை 2-ஆல் பெருக்கி இயல்மடக்கை 1000-ஆல் வகுத்தால் கிடைப்பது. மூன்றாம் மடங்குக்கு 1.59 வினாடி. திரையில் பார்த்தால் பெரிய முகட்டுக்கு ஒரு வினாடி முன்னால் ஒரு குட்டி முகடு, அதற்கும் முன்னால் இன்னும் குட்டியாக ஒன்று. கூடத்தின் பதில் எல்லாம் பெரிய முகட்டுக்குப் பின்னால். ஸ்பீக்கரின் குறைகள் எல்லாம் முன்னால். வெட்டி எறிந்துவிட்டால் முடிந்தது.

அது உண்மையில் ஸ்பீக்கரின் கோளாறுதானா என்று சரிபார்க்க, ஒலியை 10 டெசிபெல் குறைத்து மறுபடி அளந்தேன். பெரிய முகடு 10 டெசிபெல் இறங்கியது. இரண்டாம் மடங்கின் முகடு ஏறக்குறைய 20 டெசிபெல் இறங்கியது. இரண்டாம் படி விலகல் அப்படித்தான் இறங்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: தாழ்ந்த சுரங்களில் ஒரு டியூப்லைட் மூடி கடகடவென்று ஆடியது. அதன் சத்தம் மடங்குகளுக்குரிய இடத்தில் ஒழுங்காக நிற்காமல் கோடு முழுக்க மண் தூவியதுபோல் சிதறியிருந்தது. மூடிக்குள் காகிதத்தை மடித்துச் செருகியதும் சுத்தமானது.

காலத்தால் மாறாமை என்ற அடுத்த நிபந்தனைக்கும் ஒரு எளிய சோதனை இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு முறை அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். மின்விசிறிகள் நின்றிருந்தபோது மிச்சம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. விசிறிகளை ஓடவிட்டு அதையே செய்தால், 300 மில்லிவினாடிக்குப் பிறகான வாலில், 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிச்சம் ஏறக்குறைய சிக்னலளவே இருந்தது. சுற்றும் இறக்கையும் கலங்கும் காற்றும் ஒவ்வொரு எதிரொலியையும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றிவிடுகின்றன. காதுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, கழித்தல் கணக்குக்குத் தெரிந்துவிடுகிறது.

வெப்பநிலையும் இப்படித்தான். ஒரு டிகிரி மாறினால் ஒலியின் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் மாறும், அதாவது ஆயிரத்தில் 1.7 பங்கு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு வினாடி கழித்து வந்துசேரும் எதிரொலி 1.7 மில்லிவினாடி நகர்ந்துவிடும். 1000 ஹெர்ட்ஸில் அது ஒன்றே முக்கால் அலைக்குக் கிட்டே. நிறைய தடவை அளந்து சராசரி எடுத்தால் துல்லியம் கூடும் என்று பழக்கதோஷத்தில் நினைப்போம். இடையில் ஏசியை அணைத்து கூடம் மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தால் அந்தச் சராசரியே வாலைத் தின்றுவிடும். பல குட்டி ஸ்வீப்புகளைவிட நீளமான ஒரே ஸ்வீப் மேல் என்பது என் கட்சி.

சரி, கூடம் என்ன சொன்னது?

இரண்டு கோளாறுகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஒன்று, ஸ்பீக்கரையும் மைக்கையும் அகலவாட்டில் ஒரே கோட்டில் வைத்தபோது, ஒரே பாணி முகடுகள் 51.5 மில்லிவினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தன. 51.5 மில்லிவினாடியில் ஒலி 18 மீட்டர் போகும். 9 மீட்டர் அகலத்துக்குப் போய்த் திரும்பினால் சரியாக 18. இரண்டு மொட்டைப் பக்கச் சுவர்களும் ஒலியைப் பந்துபோல் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருக்கின்றன. கைதட்டினால் வரும் அந்த "டர்ர்ர்" இதுதான்.

இரண்டாவது, மொத்த முழக்கம். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸிலிருந்து இதை எடுக்க பெல் ஆய்வகத்தில் இருந்த மான்ஃப்ரெட் ஷ்ரோடர் 1965-இல் ஒரு வழி சொன்னார். எண்களை எல்லாம் வர்க்கமாக்கி, வாலிலிருந்து தலைக்குப் பின்னோக்கிக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். மேடுபள்ளமாக இருந்த கோடு வழவழப்பான சரிவாகிவிடும். பின்னணி இரைச்சலில் மூழ்கும் இடத்தில் வாலை நறுக்கிவிட்டுக் கூட்டுவது முக்கியம், இல்லாவிட்டால் சரிவு கடைசியில் பொய்யாக நிமிரும். 60 டெசிபெல் தேய 1000 ஹெர்ட்ஸில் 2.8 வினாடி, 125 ஹெர்ட்ஸில் 3.4 வினாடி என்று வந்தது. பேச்சு விளங்க வேண்டிய இந்த அளவுக் கூடத்தில் ஒரு வினாடியை ஒட்டி இருந்தால் நன்றாக இருக்கும். ஒரு சொல் முடிந்து நாலைந்து சொல் ஆன பிறகும் முதல் சொல் காற்றிலேயே இருந்தால் எந்த ஸ்பீக்கர் வாங்கி என்ன?

இந்த எண்ணை சாபின் சூத்திரத்தில் போட்டேன். ஹார்வர்டில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில் எதுவும் விளங்கவில்லை என்று 1895-இல் வாலஸ் சாபினிடம் வேலை வந்தது. அவரிடம் மைக்கும் இல்லை, கணினியும் இல்லை. ஒரு ஆர்கன் குழாய், நேரம் குறிக்கும் கருவி, தன் காது. பகல் இரைச்சல் அடங்கிய இரவுகளில், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அடுக்கி அடுக்கி அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம்: 0.161-ஐக் கன அளவால் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுத்தால் முழக்க நேரம். எங்கள் கூடத்துக்கு 78.25 வகுத்தல் உறிஞ்சல். 2.8 வினாடி என்றால் உறிஞ்சல் 27.9 சதுர மீட்டர்.

சாபின் உறிஞ்சலை அளந்த அலகு திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பாது, எனவே ஒரு சதுர மீட்டர் திறப்பு ஒரு சதுர மீட்டர் முழு உறிஞ்சல். இதைச் சோதிக்காமல் விட மனசில்லை. நகரும் கண்ணாடி ஜன்னல்கள் அனைத்தையும் திறந்தால் திறப்பு மட்டும் 6 சதுர மீட்டர். 78.25 வகுத்தல் 33.9, அதாவது 2.31 வினாடி வர வேண்டும். அளந்தால் 2.35. நூற்றுச் சொச்ச ஆண்டுக்கு முந்தைய சூத்திரம் எங்கள் மாடிக்கூடத்தில் இப்படி உட்கார்ந்தது எனக்கே சிரிப்பாக இருந்தது.

1.3 வினாடிக்குக் கொண்டுவர 60 சதுர மீட்டர் உறிஞ்சல் வேண்டும். 50 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறையிலிருந்து செய்யும் பஞ்சு) பேனல்கள், துணி சுற்றியது, 1.2-க்கு 0.6 மீட்டர் அளவில் 50. சுமார் 36 சதுர மீட்டர். செலவு புது ஸ்பீக்கர் கொட்டேஷனுக்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் "சுவத்துல பஞ்சு ஒட்டினா பேச்சு புரியுமா?" என்று கேட்கும் கமிட்டியிடம் வரைபடத்தைக் காட்டி என்ன பயன்?

அங்கேதான் கன்வலூஷன் கைகொடுத்தது. துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன்னால் நின்று கடந்த ஆண்டின் வரவு செலவு அறிக்கையை வாசித்துப் பதிவு செய்தேன். முழக்கமே இல்லாத வறண்ட குரல். அதைக் கூடத்தின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸோடு கன்வால்வ் செய்தேன். நேரடியாகப் பெருக்கினால் 10 வினாடிப் பேச்சுக்கே 6,900 கோடிப் பெருக்கல்கள் ஆகும். பைத்தானின் சைபை என்ற கணிதத் தொகுப்பில் இருக்கும் எஃப்எஃப்டி என்ற குறுக்குக் கணக்கு வழியில் போனால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அடுத்து, பேனல் போட்ட கூடத்துக்கு ஒரு போலி இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். இருப்பது வினாடிக்கு 21.4 டெசிபெல் தேய்கிறது, 1.3 வினாடிக் கூடம் 46.2 தேய வேண்டும். எனவே இருப்பதையே வினாடிக்கு 24.8 டெசிபெல் கூடுதலாகத் தேயும் அடுக்குச் சரிவால் பெருக்கினால் போதும். எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே சரிவு என்பது முரட்டுத்தனமான தோராயம்தான், காதுக்குப் போதும்.

ஹெட்ஃபோனில் முதலாவதைக் கேட்டதும் செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். "இது நம்ம ஹால்ல எடுத்ததா சார்?" "இல்ல சார், எங்க வீட்டு அலமாரி முன்னாடி எடுத்தது." இரண்டாவதைப் போட்டேன். "டீசல் செலவு இவ்வளவா?" என்றார். அன்றே பேனலுக்கு ஒப்புதல் கிடைத்தது, டீசல் கணக்கு தனிக்கதை.

42 பேனல்களை மேற்கூரையில் மாட்டினோம். மீதி 8-ஐ ஒரு பக்கச் சுவரில் தலை உயரத்தில் இடைவெளி விட்டுப் பதித்தோம். கூரையில் எவ்வளவு போட்டாலும் இரண்டு சுவர்களுக்கு இடையே நடக்கும் பந்தடி நிற்காது, அதற்காகத்தான் சுவரில் 8. மறுபடி அதே இடம், அதே 5 மீட்டர், விசிறிகள் நிறுத்தம், இரவு. 51.5 மில்லிவினாடி முகடுகள் ஒன்றிரண்டுக்கு மேல் போகவில்லை. 1000 ஹெர்ட்ஸில் 1.4 வினாடி. சாபின் கணக்கு 1.3 சொன்னது. ஒலி எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுகிறது என்று அந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது, உறிஞ்சலை எல்லாம் கூரையில் கொண்டுபோய் வைத்தால் அந்தச் சமம் கெடும், எனவே இந்த விலகல் எதிர்பார்த்ததே.

125 ஹெர்ட்ஸில் இன்னும் 2.6 வினாடி. அந்த அதிர்வெண்ணின் அலைநீளம் 2.8 மீட்டர், 5 சென்டிமீட்டர் பஞ்சை அது பொருட்படுத்துவதில்லை. பேச்சுக்குத் தொந்தரவு இல்லை, தவில் வாசித்தால் தெரியும். சுவர் பேனல்களுக்குப் பின்னால் 10 சென்டிமீட்டர் காற்று இடைவெளி விட்டால் தாழ்ந்த பக்கம் கொஞ்சம் இறங்கும். அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது மரச்சட்டம் வைத்து மாட்டலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அளந்த கோப்புகளைத் தேதி, வெப்பநிலை, மைக் இருந்த இடம் எழுதி எடுத்துவைத்திருக்கிறேன், அப்போது ஒப்பிட வேண்டுமே.